எஞ்சினின் மூச்சு: சப்பிரகமுவத் தோட்டத்து ஜீப்புகளும் குளிர்வளிக் குழாயும்

உயிர்களுக்கு மூச்சு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது எஞ்சினுக்கு வளி. உணவின்றிச் சில நாள் உயிர் தாங்குவோர் உளர். மூச்சின்றிச் சில நிமிடம் தாங்குவோரும் அரியர். அவ்வாறே பெற்றோலோ டீசலோ ஊட்டப்பெறும் எஞ்சினும் தான் உண்ணும் எரிபொருளிலும் பன்மடங்கு வளியை உட்கொண்டே உழைக்கின்றது. எரிபொருளின் விலையை நாடோறும் கணக்கிடும் நாம், விலையின்றிக் கிடைக்கும் இவ்வளியைப் பற்றிச் சிந்திப்பது மிகக் குறைவு.

அண்மைக்காலத்தில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் இச் சிந்தனை இளைஞரிடையே எழுந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. பழைய ஜீப்புகளின் வளிவழியைத் தம் கையாலேயே மாற்றியமைத்து, எஞ்சினுக்குக் குளிர்ந்த வளியை ஊட்ட அவர்கள் முயல்கின்றனர். பீ.வீ.சீ. குழாய், றப்பர்க் குழாய், அலுமினியத் தகடு, கூம்புவடிவ வளிவடி ஆகியவை இம் முயற்சிக்குக் கருவிகளாகின்றன. ஒருவர் தம் ஜீப் முன்னினும் விரைவாக மலையேறுகின்றது என்பர். மற்றொருவர் பணம் வீணாயிற்று என்பர். இன்னொருவரின் எஞ்சினோ ஒரே மழைக்காலத்தில் பாழாகிவிடும். இம் முயற்சியிற் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பதை இயற்கை விதிகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்தியும் நிலமும்

இலாண்ட் ரோவர் ஊர்தி 1948 ஆம் ஆண்டு ஏப்ரிலில் அம்சுடர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வெளிப்படுத்தப்பட்டது. போர்க்கால அமெரிக்க ஜீப்பைக் கண்டு, உழவர்க்கும் ஏற்றதோர் ஊர்தியைச் செய்ய விரும்பிய மோரிசு வில்க்சு என்பாரின் எண்ணத்தில் உதித்தது அது. தேயிலையும் றப்பரும் செழித்த நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் அது வந்துசேர்ந்தது. பின்னர் இந்தியாவின் மகீந்திராவும், யப்பானின் இலாண்ட் குறூசரும், 1982 இல் வெளிவந்த மிற்சுபிசி பஜெரோவும் அதனோடு சேர்ந்தன. இவை அனைத்தையும் எம் மக்கள் ஜீப் என்ற ஒரே பெயரால் வழங்குவர். யானும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றேன்.

இவ்வூர்திகள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணங்கள் உள. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத் தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனத்தின் விலை புதிய வாகனத்தின் விலைபோல் உயர்ந்தது. 2022 இல் எரிபொருள் கியூ.ஆர். அட்டைக்கு வாரப் பங்கீடாக அளந்து கொடுக்கப்பட்டபோது, ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்னும் கேள்வி ஒவ்வொரு சாரதியின் நாவிலும் இருந்தது. இருப்பதைக் கொண்டு எஞ்சினைச் செம்மைப்படுத்தும் ஆர்வம் இவ்வாறே வளர்ந்தது.

நிலத்தின் இயல்பும் நோக்கற்பாலது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களிலும், இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தேயிலை மலைகளிலும் பெருந்தெருவிலிருந்து லயன்வரை செல்லும் பாதை பெரும்பாலும் கல்லும் மண்ணும் கலந்ததே. தை, மாசித் திங்களில் அப்பாதை தூசியாய் எழும். தென்மேற்குப் பருவமழையில் ஓடையாய் ஓடும். இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. நள்ளிரவில் மகப்பேற்று வேதனையுற்ற தாயையோ, பாம்பு தீண்டிய கொழுந்து பறிக்கும் பெண்ணையோ கரவனெல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல, லயனருகே நிற்கும் பழைய ஜீப்பே பலவிடத்துத் துணையாகின்றது. அதன் எஞ்சின் வழியில் நின்றுவிடுமாயின், நேரும் இழப்பு வாகன உரிமையாளர் ஒருவரோடு நின்றுவிடுவதன்று.

எஞ்சின் மூச்செடுக்கும் முறை

யோக நூல்கள் மூச்சைப் பூரகம், கும்பகம், இரேசகம் என மூன்றாக வகுக்கும். நான்கடிப்பு எஞ்சினின் தொழிலை மாணவர்க்கு விளக்குங்கால் இப்பகுப்பு நன்கு பயன்படும். முசலம் கீழிறங்க உருளையினுள் வளி இழுக்கப்படுதல் பூரகம். வால்வுகள் மூடிய நிலையில் அவ்வளி அமுக்கப்பட்டு, எரிபொருளோடு எரிந்து, முசலத்தைத் தள்ளுதல் கும்பகம். எரிந்த வாயு வெளியேறுதல் இரேசகம்.

இம்மூச்சின் அளவு வியப்பூட்டுவது. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் வளி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் திணிவு ஏறத்தாழ 740 கிராம். ஆகவே அதற்கு வேண்டிய வளி கிட்டத்தட்ட 11 கிலோகிராம். நம் நாட்டு வெப்பநிலையில் இது 9,000 லீற்றருக்கும் மேற்பட்ட கனவளவாகும். அஃதாவது ஒரு லீற்றர் பெற்றோலோடு ஒன்பதாயிரம் லீற்றர் வளியையும் எஞ்சின் உண்கின்றது. பழைய இலாண்ட் ரோவரின் 2,286 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலுங்கால், உருளைகள் ஐந்தில் நான்கு பங்கே நிரம்பினும், ஒவ்வொரு நிமிடமும் 2,700 லீற்றருக்கு மேற்பட்ட வளி உட்செல்கின்றது.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. எஞ்சின் வளியைக் கனவளவால் இழுக்கின்றது. எரிதலோ திணிவால் நிகழ்கின்றது. உருளையின் கொள்ளளவு மாறாதது. அதனுள் அடைபடும் வளி அடர்ந்ததாயின் ஒட்சிசன் மிகும். ஐதாயின் ஒட்சிசன் குறையும். குளிர்வளிக் குழாய் என்னும் எண்ணம் முழுவதும் இவ்வொரு நுட்பத்தின் மீதே நிற்கின்றது.

வெம்மையும் அடர்த்தியும்

அமுக்கம் மாறாதிருப்ப, வாயுவின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு நேர்மாறு விகிதமாகும் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். வெளிவளி 30 பாகை செல்சியசில் இருப்பின் அதன் தனிவெப்பநிலை 303. எஞ்சின் மூடிக்குள், ரேடியேற்றரின் வெம்மையும் புகைபோக்கிக் குழாயின் வெம்மையும் தாக்கிய வளி 60 பாகைக்கு ஏறுமாயின் அது 333. முன்னதைப் பின்னதால் வகுப்பின் 0.91 கிடைக்கும். எனவே அவ்வெவ்வளியை உட்கொள்ளும் எஞ்சின், நூற்றுக்கு ஒன்பது பங்கு வளியை இழக்கின்றது.

இவ்விழப்பை வேறொன்றோடு ஒப்பிட்டுக் காண்போம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரச் சென்றால் வளியின் அடர்த்தி ஏறக்குறைய பத்திலொரு பங்கு குறையும். ஆகவே 60 பாகை வளியை மூச்செடுக்கும் ஜீப், இரத்தினபுரி நகரத் தெருவில் நின்றபடியே ஆயிரம் மீற்றர் மலையேறியதற்கு ஒப்பாகும். அது மெய்யாகவே பலாங்கொடைக்கு மேலுள்ள தோட்டங்களுக்கு ஏறுமாயின் உயரத்தால் ஒரு பங்கும் வெம்மையால் ஒரு பங்கும் என இருமடங்கு இழப்பெய்தும். உயரத்தை நாம் மாற்ற இயலாது. வெம்மையை மாற்ற இயலும்.

ஈரப்பதனும் சிறிது பங்குகொள்கின்றது. 30 பாகையில் நீராவியால் நிறைவுற்ற வளியில் நூற்றுக்கு நான்கு பங்கு நீராவியே. அவ்விடத்தில் ஒட்சிசனுக்கு இடமில்லை. மழைக்கால நண்பகலில் எஞ்சின் சோர்வுற்றதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் இதனைக் குழாயால் தீர்த்தல் இயலாது.

இனி, குளிர்வளியால் விளையும் நன்மை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும் என்பதையும் உணர்தல் வேண்டும். காபுறேற்றர் கொண்ட பெற்றோல் எஞ்சினில், மிதியை முற்றாக அழுத்தி மலையேறும்போதே பயன் தெரியும். சமதரையில் பாதி மிதியோடு செல்லுங்கால் வளியின் வழியைச் சாரதியே மூடிவைத்திருக்கின்றார் ஆதலின், அங்கு எரிபொருட் சிக்கனத்தை எதிர்பார்த்தல் வீண். அடர்ந்த வளி வரும்போது கலவை ஐதாகுமாதலால், தீப்பொறிச் செருகியின் நிறத்தைப் பார்த்துக் காபுறேற்றரைச் சீர்செய்தலும் வேண்டும்.

டீசல் எஞ்சினிலோ வளியை மறிக்கும் கதவு பெரும்பாலும் இல்லை. வலிமையை அளப்பது பம்பி செலுத்தும் எரிபொருளே. ஆகவே வளி மிகுவதால் மட்டும் வலிமை பெரிதும் கூடாது, கரும்புகை குறையும். 2008 இல் தொடங்கப்பட்ட வாகனப் புகைச் சோதனையில் தேறவேண்டிய பழைய டீசல் ஜீப்புக்கு இது சிறு பயனன்று. ரேபோ பூட்டிய டீசல் எஞ்சினில் வளி அமுக்கப்படும்போதே நூறு பாகையளவுக்குச் சூடேறுகின்றது. அச் சூட்டை இன்ரர்கூலரே தணிக்கவல்லது. முன்குழாயில் செய்யும் மாற்றம் அங்குச் சிறுபங்கே உதவும்.

ஓசையும் உண்மையும்

இளைஞர் பலர் முதலிற் செய்வது, தொழிற்சாலையிற் பூட்டிய வளிவடிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்புவடிவ வடியொன்றை எஞ்சின் மூடிக்குள் திறந்தவாறே பொருத்துவதாகும். பொருத்தியவுடன் எஞ்சின் புலிபோல் உறுமும். உறுமலைக் கேட்ட செவி வலிமை கூடியது என்று நம்பிவிடும். மெய்யாக நிகழ்ந்தது யாதெனின், மூச்சின் ஓசையை அடக்கிவந்த பெட்டி நீங்கியமையால் ஓசை வெளிப்பட்டது. வெளிவளியை இழுத்துவந்த வழி நீங்கியமையால் எஞ்சின் தன் வெம்மையையே தான் மீண்டும் உண்ணத் தொடங்கிற்று. குளிர்வளிக்கெனச் செய்த மாற்றம் வெவ்வளி ஊட்டலாய் முடிந்தது.

ஆதலின் குழாய் வாங்குமுன் தம் ஜீப்பின் வளிவாய் எங்குள்ளது என்பதை ஒவ்வொருவரும் முதலிற் காணல்வேண்டும். பழைய இலாண்ட் ரோவர் போன்றவற்றில் எண்ணெய்த்தட்டு வளிவடி எஞ்சின் மூடிக்குள்ளிருந்தே வளியை எடுக்கும். அங்கே திருத்தத்துக்கு இடமுண்டு. பிற்காலத்து ஜீப்புகள் பலவற்றில் வளிவாய் மட்கார்ட்டின் உட்புறத்திலோ பக்கத்துத் துளையிலோ அமைந்திருக்கும். அவற்றைச் செய்தோர் குளிர்வளி வழியை முன்னரே அமைத்துவிட்டனர். நாம் அதனைப் பழுதின்றிக் காத்தலே போதும்.

குழாயைப் பெரிதாக்கினால் வளி மிகும் என்பது மற்றொரு நம்பிக்கை. முற்கூறிய எஞ்சினின் வளி, இரண்டரை அங்குலக் குழாயில் நொடிக்கு ஏறக்குறைய 15 மீற்றர் வேகத்திற் செல்லும். அவ்வேகத்தை உண்டாக்கச் செலவாகும் அமுக்கம் அரை அங்குல நீர்மட்டமே. குழாயை மூன்றங்குலமாக்கி மீட்கத்தக்கது இச் சிறு தொகையில் ஒரு பகுதியாம்.

வளிவாயை முன்னோக்கி வைத்தால் ஓட்டத்தின் வேகத்தால் வளி தானே அமுக்கப்பட்டு நுழையும் என்பாரும் உளர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் இவ்வாறு கிடைக்கும் மிகையமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்களவே. தோட்டப் பாதையின் 15, 20 கிலோமீற்றர் வேகத்தில் அதுவும் இல்லை. முன்னோக்கிய வாய்க்குள் வளியைக் காட்டிலும் மழைநீரே எளிதில் நுழையும்.

தூசி என்னும் பகை

வளிவடியைக் கராச்சுக்காரர் எயார் கிளீனர் என்பர். அதனை நீக்கிவிட்டால் மூச்சு எளிதாகும் என்று கருதி வெறுங்குழாயோடு ஓட்டுவோரும், கடற்பஞ்சை வெட்டிக் கம்பிவலைக்குள் அடைத்து வடியாக்குவோரும் உளர். இவ்விரண்டும் எஞ்சினுக்குக் கேடு.

நம் மாவட்டங்களின் மண்ணை எண்ணுக. மாணிக்கம் விளையும் இல்லத்தில் நீலக்கல்லும் கெம்புக்கல்லும் கிடைப்பதை யாவரும் அறிவர். அவ்விரண்டும் குருந்தம் என்னும் ஒரே கனியத்தின் வகைகள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்லினின்று பிறந்தது. வைரத்துக்கு அடுத்த வன்மையுடையது அது. அது அரிதாயினும், அதனோடு கிடக்கும் படிகக்கல் எங்கும் மலிந்தது; பாதைத் தூசியிற் பெரும்பகுதி அதுவே. படிகக்கல்லின் வன்மை எஞ்சின் உருளைச் சுவரின் இரும்பினும் மிக்கது. வடிகட்டாத வளியோடு உட்புகும் ஒவ்வொரு துகளும் முசல வளையத்துக்கும் சுவருக்கும் இடையே அரமாய் அராவுகின்றது. சுவர் தேயத் தேய அமுக்கம் ஒழுகும்; எண்ணெய் எரியும்; நீலப்புகை எழும். ரேபோவின் விரைந்து சுழலும் அலகுகளையும் அதே தூசி தின்னும். வன்மை கெட்ட கடற்பஞ்சோ தானே பொடிந்து உள்ளே இழுபடும்.

எண்ணெய்த்தட்டு வடியின் அமைப்பு எளிமையானதேனும் அறிவார்ந்தது. கீழ்நோக்கி வரும் வளி எண்ணெயின் மேற்பரப்பில் திடீரென மேல்நோக்கித் திரும்புகின்றது; பாரமிக்க தூசி திரும்பமாட்டாது எண்ணெயில் வீழ்கின்றது. அதில் எண்ணெயைக் குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றலாகாது. செங்குத்தான பாதையிற் சாயும்போது மிகையெண்ணெய் எஞ்சினுக்குள் இழுபடும். டீசல் எஞ்சினாயின் அவ்வெண்ணெயே எரிபொருளாகி, சாவியைத் திருப்பினும் நிற்காமல் எஞ்சின் கட்டுமீறி ஓடும் இடரும் உண்டு.

வெள்ளமும் எஞ்சினும்

இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி இதுவே. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருக்கெடுத்து இரத்தினபுரியை மூழ்கடித்தது. 2016 மே 17 ஆந் தேதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கையில் மலை சரிந்து ஊர்களை மூடிற்று. இத்தகைய நாள்களில் தோட்டத்து ஜீப் நீரைக் கடந்தே செல்லவேண்டியதாகும். அவ்வேளை அதன் வளிவாய் எவ்வுயரத்தில் உள்ளது என்பது எஞ்சினின் வாழ்வை நிர்ணயிக்கும்.

வளி அமுங்கும், நீர் அமுங்காது. பழைய இலாண்ட் ரோவரின் டீசல் எஞ்சினில் ஓர் உருளையின் கொள்ளளவு 571 கன சென்ரிமீற்றர். அமுக்க விகிதம் 23. ஆகவே முசலம் உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடம் 26 கன சென்ரிமீற்றர் மட்டுமே. அது இரண்டு மேசைக்கரண்டி நீரினும் குறைவு. அவ்வளவை மிஞ்சிய நீர் உட்புகுந்தால் முசலம் மேலேற இடமின்றி, இணைதண்டு வளையும் அல்லது முறியும். அமுக்க விகிதம் 8 ஆகிய பெற்றோல் எஞ்சினில் இவ்விடம் 82 கன சென்ரிமீற்றர். அதுவும் ஒரு தேநீர்க் கோப்பைக்குக் குறைந்ததே.

குளிர்வளி வேண்டி, வளிவாயைக் கீழிறக்கி முன்பம்பருக்குப் பின்னே வைப்போர் உளர். அங்கு வளி குளிர்ந்ததென்பது உண்மையே. ஆயின் முழங்காலளவு நீரிலேயே அவ்வாய் மூழ்கிவிடும். வறண்ட நாட்டுக்கு ஏற்ற இவ்வமைப்பைச் சப்பிரகமுவ மண்ணில் ஒருபோதும் மேற்கொள்ளலாகாது.

இனி, முகப்புக் கண்ணாடியின் ஓரமாக உயர்த்திய குழாய் இரு நன்மையும் தரும்: அங்கு வளி குளிர்ந்தது, தூசி குறைந்தது, நீர் எட்டாதது. எனினும் குழாயை மட்டும் உயர்த்திவிட்டு வளிவடிப் பெட்டியின் அடித்துளையைத் திறந்துவைப்பது, வாயிலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தலை ஒக்கும். வாயிலிருந்து எஞ்சின் வரையுள்ள ஒவ்வொரு மூட்டும் வளி புகாதபடி அடைபடல் வேண்டும்.

நீரில் எஞ்சின் நின்றுவிடின் மீண்டும் சாவியைத் திருப்புதலே பெரும்பிழை. முதல் நிறுத்தத்தில் தப்பிய இணைதண்டு இரண்டாம் முயற்சியில் வளையும். ஊர்தியை நீரினின்று இழுத்தெடுத்து, தீப்பொறிச் செருகிகளையோ டீசல் தெறிகுழல்களையோ கழற்றி, கையால் எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயையும் சோதித்த பின்னரே இயக்கல் வேண்டும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் செய்யத்தக்கன இவை எனத் துணியலாம்.

முதலாவது, பழைய வழியைச் செப்பனிடுதல். வளிவடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாய் ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிக்கும், பட்டிகள் தளரும். அவ்வெடிப்பினூடாக வெவ்வளியும் தூசியும் வடியைக் கடவாமலே உட்செல்லும். வடியின் எஞ்சின்பக்கத்துக் குழாயைக் கழற்றி, உட்சுவரை வெண்துணியால் துடைத்துப் பார்க்க. துணியில் மண் படியுமாயின் ஒழுக்கு உளது. இதனைத் திருத்துவதற்குச் செல்லும் பணம் மிகச் சிறிது. விளையும் நன்மையோ வேறெம்மாற்றத்தினும் பெரிது.

இரண்டாவது, வெம்மையை மறித்தல். புகைபோக்கிக் குழாய்க்கும் வளிவடிக்கும் இடையே அலுமினியத் தகடொன்றை, இரண்டையும் தொடாதவாறு இடைவெளிவிட்டு நிறுத்துக. ஒளிரும் தகடு வெப்பக் கதிரைத் திருப்பும். இடைவெளி வளியோட்டத்துக்கு வழிவிடும்.

மூன்றாவது, மூடிக்குள்ளிருந்து மூச்செடுக்கும் பழைய ஜீப்பாயின், வளிவடியின் வாயிலிருந்து ஒரு குழாயை மட்கார்ட்டின் மேற்பகுதிக்கோ, முகப்புக் கண்ணாடியின் அருகே உயர்த்தியோ கொண்டுசெல்லுதல். வாய் பின்னோக்கியிருத்தல் நன்று. முன்னோக்கின் மழைமூடி இன்றியமையாதது. குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில், வெளியே நீர் வடியவும் உள்ளே நீர் ஏறாதிருக்கவும் உதவும் ஒருவழி றப்பர் வாயொன்று வைக்க.

நான்காவது, பொருளைத் தெரிந்தெடுத்தல். வீட்டு நீர்க்குழாயாகிய பீ.வீ.சீ. 75, 80 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். இளகிய குழாய் எஞ்சினின் உறிஞ்சலால் உட்குழிந்து மூச்சையே அடைத்துவிடும். மூடிக்கு வெளியே அது பயன்படலாம். உள்ளே, கம்பிச்சுருள் பதித்த தடித்த றப்பர்க் குழாயே ஏற்றது. றப்பர் விளையும் கேகாலையில் அதனைத் தேடுதல் அரிதன்று. எஞ்சின் ஆடும்போது குழாய் அசையவேண்டியிருத்தலின், இரு முனையிலும் நெகிழ்வு வேண்டும்.

ஐந்தாவது, வளியோட்டத்தை அளக்கும் உணரி பூட்டிய பிற்காலப் பெற்றோல் எஞ்சினாயின், அவ்வுணரி அமர்ந்துள்ள குழாயின் அகலத்தை மாற்றாதிருத்தல். உணரி அக்குழாயின் அளவுக்கே கணக்கிடப்பட்டது. குழாய் மாறின் அதன் கணக்குப் பொய்க்கும். எண்ணெய் தடவிய பஞ்சுவடியின் எண்ணெய்த் துளிகள் உணரியின் கம்பியிற் படிந்து கெடுப்பதும் உண்டு.

அளந்தறிதல்

கைவினைக்கு அளவையே சான்று. விலைமிக்க கருவி ஏதுமின்றி மூன்று சோதனைகள் செய்யலாம்.

வெப்பமானியின் நுனியை வளிவடிப் பெட்டியின் உள்ளே வைத்து, நின்றநிலை, மலையேற்றம், சமதரை ஓட்டம் ஆகிய மூன்றிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. வெளிவளியினும் ஐந்தாறு பாகையே மிகுதியாயின் மாற்றம் யாதும் வேண்டுவதில்லை. முப்பது பாகை மிகுதியாயின் முற்கூறிய நூற்றுக்கு ஒன்பது பங்கு இழப்பு உளதென்க.

வடியின் தடையை நீர்மானியால் அளக்கலாம். ஒளிபுகும் பிளாத்திக்குக் குழாயை வளைத்துப் பலகையில் நிறுத்தி, நிறமூட்டிய நீரைப் பாதியளவு ஊற்றி, ஒரு முனையை வடிக்குப் பின்னுள்ள குழாயோடு இணைக்க, மறுமுனை திறந்திருக்க. மிதியை முற்றாக அழுத்தி மலையேறும்போது இருபுற நீர்மட்டங்களின் வேறுபாடே வடியின் தடை. நீர் எஞ்சினுள் இழுபடாதிருக்கக் குழாயின் ஒவ்வொரு புயமும் ஒரு மீற்றர் நீளமிருத்தல் வேண்டும். சோதனை முடிந்தபின் துளையை இறுக அடைத்தலும் வேண்டும். வேறுபாடு 250 மில்லிமீற்றராயின் அது வளிமண்டல அமுக்கத்தில் நாற்பதிலொரு பங்கே. பாரவூர்தி டீசல் எஞ்சின்களில் 635 மில்லிமீற்றர், அஃதாவது 25 அங்குலம் காட்டும்போது வடியை மாற்றுதல் பொதுவழக்கு. நல்ல வடியை வீசிவிட்டு மீட்கத்தக்க வலிமை மிகச் சிறிது என்பதை இவ்வெண்களே உரைக்கும்.

மூன்றாவது, கடிகாரச் சோதனை. ஒரே மலைப்பாதையில், ஒரே சுமையோடு, ஒரே கியரில், நாளின் ஒரே வேளையில், மாற்றத்துக்கு முன் மும்முறையும் பின் மும்முறையும் ஏறி நேரத்தைக் குறிக்க. ஒருவேளையில் ஒரு மாற்றமே செய்க. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால், பயன் எதனால் விளைந்ததென அறியும் வழி இல்லை.

முடிவுரை

எஞ்சின் வேண்டுவது தூய வளி, உலர்ந்த வளி, குளிர்ந்த வளி, வரிசையும் இதுவே. தூய்மையை இழந்து பெறும் குளிர்ச்சி சில ஆண்டுகளில் எஞ்சினைத் தேய்க்கும். உலர்ச்சியை இழந்து பெறும் குளிர்ச்சி ஒரே நொடியில் அதனை முறிக்கும். இவ்விரண்டையும் காத்துக்கொண்டு குளிர்ச்சியைத் தேடுவார் அடையும் பயன் நூற்றுக்குச் சில பங்கேயாயினும், அது மெய்ப்பயன். கொழுந்து மூட்டையோடு மலையேறும் முதிர்ந்த எஞ்சினுக்கு அதுவும் உதவியே.

இம்முயற்சியின் மற்றொரு பயனையும் ஆசிரியராகிய நாம் நோக்குதல் வேண்டும். உயர்தர வகுப்பில் தொழினுட்பத்துறை 2013 இல் தொடங்கப்பட்டது. அத்துறைக்கு வேண்டிய ஆய்வுகூடம் எல்லாத் தோட்டப் பாடசாலைகளுக்கும் வாய்க்கவில்லை. ஆயினும் வாயுவிதியும், அமுக்கமும், சாரீரப்பதனும், வெப்பக் கதிர்வீசலும் ஒருங்கே விளங்கும் ஆய்வுகூடமொன்று ஒவ்வொரு தோட்டத்துக் கராச்சிலும் மூடி திறந்து நிற்கின்றது. கரும்பலகையில் எழுதிய விதியை அங்குள்ள பாஸின் கைத்திறனோடு சேர்த்துக் காட்டுவோமாயின், மாணவன் விதியையும் மறவான். பாஸும் அளவையை நாடுவார். இக்கல்லூரியிற் கற்று வெளியேறி இம்மாவட்டங்களில் ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் பணியாற்றும் பழைய மாணவர் ஒரு வெப்பமானியையும் இரண்டு மீற்றர் பிளாத்திக்குக் குழாயையும் கொண்டு இப்பணியைத் தொடங்கலாம். மழைக்காலம் வருமுன் தொடங்குவது நன்று.